உறைவிடப் பள்ளியும் உரிமை மொழியும்

(தமிழ் மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



பள்ளி என்னுஞ் சொல்லைத் தமிழர் நாள்தோறும் வழங்குகின்றனர். அதன் பொருளை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பள்ளி என்பதற்குப் படுக்கை என்பது ஒரு பொருள். உறங்குமிடம் என்பது மற்றொரு பொருள். துறவியர் தங்கி வாழுமிடம் என்பது பிறிதொரு பொருள். பள்ளிகொள்ளுதல், பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் வழக்குகளில் உறக்கப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. அமணரும் புத்தரும் தங்கிய இடங்கள் பள்ளி எனப்பட்டன. ஆங்குக் கல்வியும் நடந்தமையால் கற்குமிடத்திற்கும் அப்பெயரே அமைந்தது என்பர். எனவே, தங்குதலும் கற்றலும் ஓரிடத்தே நிகழும் என்னுங் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றது. இன்று உறைவிடப் பள்ளி என வழங்கப்பெறுவது தமிழர்க்குப் புதியதன்று. பள்ளி என்னும் பெயரின் பழம்பொருளே அதுதான்.

பகற்பள்ளிக்கும் உறைவிடப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு கட்டடத்தில் இல்லை, பொழுதில் உள்ளது. பகற்பள்ளி ஒரு பிள்ளையின் நாளில் ஆறேழு மணிப் பொழுதையே கைக்கொள்கிறது. எஞ்சிய பொழுதெல்லாம் தாயினுடையது, பாட்டனுடையது, தெருவினுடையது. பள்ளியில் வேற்றுமொழி எவ்வளவுதான் புகட்டப்பெற்றாலும், மாலையில் வாயிற்படியேறும்போது தாய்மொழி பிள்ளையை எதிர்கொண்டு அழைத்துவிடும். உறைவிடப் பள்ளியிலோ அவ் வாயிற்படி இல்லை. எழுவதும் குளிப்பதும், உண்பதும் ஆடுவதும், தோழனோடு பிணங்குவதும் இணங்குவதும், நோயுற்றுக் கிடப்பதும், வீட்டை நினைந்து இரவில் அழுவதும் ஆகிய அத்தனையும் ஒரே மதிலுக்குள் நிகழ்கின்றன. அம் மதிலுக்குள் எம்மொழி ஆள்கிறதோ அம்மொழியே அப்பிள்ளைக்கு இரண்டாந் தாயாகிவிடுகிறது. உறைவிடப் பள்ளியின் ஆற்றல் அது. அவ் வாற்றலால் ஓர் இனத்தை வாழ்விக்கவும் கூடும், வேரறுக்கவும் கூடும். இரண்டிற்கும் சான்று காட்டும் நாடொன்று உண்டு. அந்நாடு அமெரிக்கா.

கார்லைல் பள்ளி

அமெரிக்காவின் கீழ்ப்பகுதியில் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் ஊர் உள்ளது. ஆங்குக் கைவிடப்பட்டிருந்த படைக்குடியிருப்பு ஒன்றில், 1879ஆம் ஆண்டு ஓர் உறைவிடப் பள்ளி திறக்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் இரிச்சர்டு என்றி பிராட்டு என்னும் படையலுவலர். அதற்குமுன் 1875 முதல் 1878 வரை, புளோரிடாவிலிருந்த ஒரு கோட்டையில் தொல்குடிப் போர்ச்சிறையாளரைக் காவல்காத்தவர் அவர். சிறையிருந்தவர்களுக்கு ஆங்கிலங் கற்பித்து, படையுடை அணிவித்து, ஒழுங்கு பழக்கிப் பார்த்தபோது அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. வளர்ந்தவரையே இங்ஙனம் மாற்றலாமெனில், பிள்ளைகளை எவ்வளவு எளிதில் மாற்றலாம் என்பதே அவ்வெண்ணம். கார்லைல் பள்ளி ஒரு சிறையின் பட்டறிவிலிருந்து பிறந்தது என்பதை மறத்தலாகாது.

தொல்குடியினனிடமுள்ள தொல்குடித் தன்மையைக் கொன்று, மாந்தனை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்னும் பொருள்பட 1892இல் அவர் பேசினார். அவர் கொடியவராகத் தம்மை எண்ணிக்கொள்ளவில்லை. நன்மை செய்வதாகவே உண்மையில் நம்பினார். அதனாலேயே அவர் வரலாறு பெரிதும் எண்ணத்தக்கது. வெறுப்பினால் ஒரு மொழியை அழிக்க வருபவனை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். அன்பின் பெயரால், முன்னேற்றத்தின் பெயரால், பிள்ளையின் எதிர்காலத்தின் பெயரால் அழிக்க வருபவனை இனங்காணுதல் அரிது. பெற்றோரே அவனுக்குக் கதவு திறந்துவிடுவர்.

பெயர் பறித்த கரும்பலகை

முதன்முதல் அப்பள்ளிக்கு வந்தவர்கள் இலக்கோட்டா இனப் பிள்ளைகள். 1879 அக்தோபரில் தொடர்வண்டியேறி, தொலைநாட்டிலிருந்து நள்ளிரவில் கார்லைல் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவன் ஓட்டா கிட்டே என்னுஞ் சிறுவன். பிற்காலத்தில் இலூதர் சுடாண்டிங் பேர் என்னும் பெயரில் நூலாசிரியராகப் புகழ்பெற்றவன். 1928இல் வெளிவந்த தன் நூலில் அப்பள்ளி வாழ்க்கையை அவன் விரிவாக எழுதியுள்ளான். கீழ்த்திசை நோக்கிச் செல்வது கற்பதற்கு என்று அச்சிறுவன் கருதவில்லை. வீரத்தை மெய்ப்பித்துச் சாவதற்கே செல்வதாகக் கருதினான். தந்தைக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்றே வண்டியேறினான். வந்து சேர்ந்த இரவில் உணவுமில்லை, கட்டிலுமில்லை. வெறுந்தரையில் படுத்துறங்கினர்.

பின்னர் ஒருநாள் வகுப்பறைக் கரும்பலகை முழுவதும் வெள்ளைக் கோடுகள் எழுதப்பட்டிருந்தன. அவை யாவும் வெள்ளையர் பெயர்கள் என்பதைப் பிள்ளைகள் அறியார். எழுத்தென்பதே அவர்களுக்கு அறிமுகமில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோல் தரப்பட்டு, ஏதேனும் ஒன்றைச் சுட்டுமாறு பணிக்கப்பட்டது. எதனைச் சுட்டினார்களோ அதுவே அன்றுமுதல் அவர்கள் பெயர். அப்பெயரைத் துணித்துண்டில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்துவிட்டனர். தந்தை வைத்த பெயருக்கு ஒரு வரலாறு இருந்தது. ஒரு போரின் நினைவிருந்தது. கோல் தொட்ட பெயருக்கு எப்பொருளும் இல்லை. ஒருவனுக்கு மொழியில் முதற்சொல் அவன் பெயரே. அம் முதற்சொல்லைப் பறித்த பின்னரே மற்றச் சொற்களைப் பறிக்கத் தொடங்கினர்.

அடுத்து முடி வெட்டப்பட்டது. இலக்கோட்டா மக்களிடையே முடி களைதல் இழவின் அறிகுறி. பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மொட்டையடிக்கப்பட்டபோது, எவர் இறந்தார் என்று அவர்கள் கேட்டிருப்பின், இறந்தது அவர்களின் பழைய வாழ்வே என்பதுதான் விடையாக இருந்திருக்கும். அக்காலத்தில் வேறோர் உறைவிடப் பள்ளிக்குச் சென்ற சிட்காலா-சா என்னுஞ் சிறுமி, முடி வெட்டவருகிறார்கள் என்றறிந்து கட்டிலின் அடியில் ஒளிந்துகொண்டாள். இழுத்து வந்து நாற்காலியிற் கட்டி வெட்டினர். அவளே வளர்ந்து கார்லைல் பள்ளியில் ஆசிரியையானாள்; உள்ளிருந்து கண்ட உண்மைகளை 1900ஆம் ஆண்டு இதழ்க் கட்டுரைகளாக எழுதி நாட்டையே உலுக்கினாள்.

ஒழுங்கும் உழைப்பும்

அப்பள்ளியின் அன்றாட வாழ்க்கை எத்தகையது? வைகறையில் ஊதுகொம்பு முழங்கும். மணி அடித்ததும் எழ வேண்டும். மணி அடித்ததும் அமர வேண்டும். மணி அடித்ததும் உண்ண வேண்டும். ஆண்பிள்ளைகட்குப் படையாள் போன்ற சீருடை. பெண்பிள்ளைகட்கு நீண்ட அங்கி. உண்கூடத்திற்கும் வகுப்பிற்கும் அணிவகுத்தே நடக்க வேண்டும். அரைநாள் பாடம், அரைநாள் வேலை. ஆண்கள் தகரவேலை, தச்சு, செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல், அச்சுக்கோத்தல் முதலிய தொழில்களைப் பயின்றனர். பெண்கள் தையலும் வெளுப்பும் சமையலும் பயின்றனர். பள்ளியை இயக்கிய உழைப்பிற் பெரும்பங்கு பிள்ளைகளின் உழைப்பே. கோடையில் வீட்டிற்கு அனுப்பாமல், அண்டை வட்டாரத்து வெள்ளை உழவர் வீடுகளில் தங்கி வேலைசெய்ய அனுப்பினர். வீடு திரும்பினால் மொழி திரும்பிவிடும் என்னும் அச்சமே அதற்குக் கரணியம்.

எல்லாவற்றினும் தலையாய கட்டளை ஒன்றிருந்தது: தாய்மொழி பேசலாகாது. கார்லைலில் மட்டுமன்று, 1887ஆம் ஆண்டில் தொல்குடியினர் நலத்துறையின் ஆணையர் அட்கின்சு, தொல்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று ஆணையிட்டார். கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பள்ளிகளையும் அவ்வாணை விட்டுவைக்கவில்லை. அடித்தல், உணவு மறுத்தல், தனியறையில் அடைத்தல், வழலைக் கட்டியால் வாயைக் கழுவுதல் முதலிய ஒறுப்புகள் பல பள்ளிகளில் வழங்கின. வாயைக் கழுவுதல் என்னும் ஒறுப்பை எண்ணிப் பாருங்கள்! அழுக்கிருந்தாலன்றோ கழுவுவர்? தாய்மொழி அழுக்கு என்னும் எண்ணத்தை ஒரு சொல்லும் சொல்லாமலேயே சிறுபிள்ளையின் நாவில் எழுதிவிட்டனர். அடியின் நோவு ஆறிவிடும். தன் மொழி அழுக்கென்னும் நாணம் ஆறாது. அது மகனிடமிருந்து பேரனுக்கும் செல்லும். அடிபட்டவன் தன் பிள்ளைக்குத் தன் மொழியைக் கற்பிக்க அஞ்சுவான். தான் பட்ட பாட்டைப் பிள்ளையும் படவேண்டா என்று பரிவோடு மறைப்பான். இங்ஙனம் ஓர் இனம் தன் மொழியைத் தன் கையாலேயே புதைக்குமாறு செய்வதே அப்பள்ளிகளின் பெருந்தீங்கு.

நடுநிலையோடு நோக்கின், அப்பள்ளியில் நன்மையே இல்லை எனல் பொருந்தாது. கைத்தொழில் கற்றுப் பிழைத்தவர் உண்டு. வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து, பின்னாளில் ஒன்றுபட்டு உரிமை கேட்க அதுவே வழிவகுத்தது. 1912ஆம் ஆண்டு சுடாக்கோம் ஒலிம்பிக் போட்டிகளில் ஐந்திறப் போட்டியிலும் பத்துத்திறப் போட்டியிலும் பொற்பதக்கம் வென்ற சிம் தோர்ப்பு அப்பள்ளி மாணவனே. ஆனால், தச்சுக் கற்பதற்குத் தாய்மொழியை ஏன் இழக்க வேண்டும்? ஓடிப் பழகுவதற்குப் பெயரை ஏன் விட வேண்டும்? நன்மையைத் தருவதற்கு உயிரை விலையாகக் கேட்டதே அங்கு நிகழ்ந்த கொடுமை.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. 140க்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,800 பிள்ளைகள் ஆங்குச் சேர்க்கப்பட்டிருந்தனர். நோயால் இறந்து ஆங்கேயே புதைக்கப்பட்டவர் பலர். அவர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இன்றும் உள்ளன. 2017 முதல் அவ் வெலும்புகள் சில அகழ்ந்தெடுக்கப்பட்டு, உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. வீட்டிற்கு அனுப்ப மறுக்கப்பட்ட பிள்ளைகள் நூறாண்டு கடந்து வீடு திரும்புகின்றனர்.

கார்லைலை முன்மாதிரியாகக் கொண்டு எத்தனை பள்ளிகள் எழுந்தன! 1819 முதல் 1969 வரை அமெரிக்க அரசு நடத்திய அல்லது துணைநின்ற இத்தகைய பள்ளிகள் 417 என்றும், அவற்றில் இறந்த பிள்ளைகள் குறைந்தது 973 பேர் என்றும் அந்நாட்டு உள்துறை 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அவ்வாண்டு அக்தோபர் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் பைடன் அரிசோனாவில் தொல்குடி மக்கள்முன் நின்று நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். திசம்பரில் கார்லைல் பள்ளியிருந்த இடம் நாட்டு நினைவுக்களமாக அறிவிக்கப்பெற்றது. மன்னிப்பு வர 145 ஆண்டுகள் ஆயின. மொழியை இழந்தவர்க்கு மன்னிப்பு வரலாம்; மன்னிப்பினால் மொழி வந்துவிடாது.

கழுவிய வாயே காத்தது

இவ் வரலாற்றில் அறம் தன் முகங்காட்டிய இடம் ஒன்றுண்டு. அரிசோனா, நியூ மெக்சிகோ முதலிய மாநிலங்களில் வாழும் நவகோ இனத்தவர் தம்மைத் தினே என்று அழைத்துக்கொள்வர். அவ் வினத்துச் சிறுவன் ஒருவன் உறைவிடப் பள்ளிக்குச் சென்றான். ஆங்கு அவனுக்குச் செசுட்டர் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. நவகோ பேசியமைக்காக அவன் வாய் வழலையாற் கழுவப்பட்டது. 1942ஆம் ஆண்டு. உலகப்போர் மூண்டிருந்தது. அமெரிக்கப் படையின் மறைமொழிகள் பலவற்றைச் சப்பானியர் உடைத்துக்கொண்டிருந்தனர். அப்போது நவகோ மொழியில் மறைமொழி அமைக்கலாம் என்னும் கருத்துத் தோன்றிற்று. நவகோ இளைஞர் 29 பேர் படையிற் சேர்க்கப்பட்டு, ஓரறையில் அமர்த்தப்பட்டு, தம் தாய்மொழியில் மறைமொழி ஆக்குமாறு பணிக்கப்பட்டனர். வாய் கழுவப்பட்ட செசுட்டர் நெசு அவர்களுள் ஒருவர்.

சொல்லாக்கத்தில் ஈடுபாடுள்ள தமிழன்பர்கள் அவர்கள் செய்த பணியை ஊன்றி நோக்குதல் வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலுக்கு நவகோ மொழியில் சொல் இல்லை. அவர்கள் ஆங்கிலச் சொல்லைக் கடன்வாங்கவில்லை. இரும்புமீன் என்று பெயரிட்டனர். தகரிக்கு ஆமை என்றும், குண்டுக்கு முட்டை என்றும், போர் வானூர்திக்கு ஓசனிச்சிட்டு என்றும் பெயரிட்டனர். அமெரிக்காவிற்கு அவர்கள் இட்ட பெயர் எங்கள் தாய் என்பது. எழுத்துவடிவம் பரவாத மொழி; கல்விக்குப் பயன்படாது என்று இகழப்பட்ட மொழி; அம்மொழி சில கிழமைகளில் ஒரு பெரும்போரின் கருவிகளுக்கெல்லாம் தன் வேரிலிருந்தே பெயர் தந்துவிட்டது. இக்காலத்திற்குத் தாய்மொழி போதாது என்று கூறுவார் எந்நாட்டிலிருப்பினும், அவர்க்கு இரும்புமீன் ஒன்றே விடையாகும்.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 400 நவகோ மறவர் இப்பணியில் ஈடுபட்டனர். 1945 பிப்பிரவரியில் இவோசிமாத் தீவிற் படையிறங்கியபோது, முதல் இரண்டு நாள்களில் அவர்களுள் அறுவர் 800க்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையேதுமின்றி விடுத்தும் பெற்றும் உதவினர். அம் மறைமொழியை எதிரியால் இறுதிவரை உடைக்க இயலவில்லை. பேசலாகாது என்று தடுத்த அரசைப் பேசியே காத்தனர் அவர்கள். ஆயினும் ஊர் திரும்பியவர்க்குக் கிட்டியது என்ன? அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் தொல்குடியினர்க்கு வாக்குரிமையே 1948இல்தான் கிடைத்தது. மறைமொழிச் செய்தி 1968 வரை கமுக்கமாகவே வைக்கப்பட்டது. முதல் 29 பேர்க்கு அரசின் பொற்பதக்கம் 2001இல் வழங்கப்பட்டபோது, உயிரோடிருந்தவர் ஒருசிலரே. அவர்களுள் இறுதியாக வாழ்ந்த செசுட்டர் நெசு 2014இல் மறைந்தார்.

கைம்மாறிய பள்ளிகள்

உறைவிடப் பள்ளி என்பதே தீது என்று இதனாற் கொள்ளலாகாது. அடித்தது தடியன்று, தடி பிடித்த கை. கை மாறினால் தடியே ஊன்றுகோலாகும். மெரியம் என்பார் தலைமையிலமைந்த ஆய்வுக்குழு இப்பள்ளிகளை நேரிற் சென்று ஆராய்ந்து, 1928இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு பிள்ளையின் ஒருநாள் உணவுக்கு ஏறத்தாழ 11 செண்டுக் காசே ஒதுக்கப்பட்டிருந்ததையும், படுக்கையறைகளில் அளவிறந்த நெரிசலையும், பாடத்தின் பெயரால் நடந்த உழைப்புச் சுரண்டலையும் அது வெளிப்படுத்தியது. அதன்பின் சிறிது சிறிதாக மாற்றந் தோன்றிற்று. ஆனால், உண்மையான மாற்றம் பள்ளியின் ஆட்சி அம்மக்கள் கைக்கு வந்தபோதுதான் நிகழ்ந்தது.

1966இல் அரிசோனாவின் இரப்புராக்கு என்னுமிடத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் ஆட்சிக்குழுவினர் அவ்வூர் நவகோ மக்களே தேர்ந்தெடுத்தவர்கள். நவகோ மொழியும் வரலாறும் பாடமாயின. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் விடுதியில் தங்கினர். அவ் விடுதியில் பெற்றோரையே முறைவைத்துப் பணியமர்த்தினர். இரவில் பிள்ளைகளைத் தூங்கவைப்பவர் அவர்கள் மொழியறிந்த தாய்மாரே. பழைய பள்ளியைக் கட்டியவர்கள் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கத் தொலைவைப் பயன்படுத்தினர். புதிய பள்ளியைக் கட்டியவர்கள் தாயையே விடுதிக்கு அழைத்து வந்துவிட்டனர். இவ்வளவு எளிய தீர்வைக் காண ஓர் இனம் 87 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நியூ மெக்சிகோவின் தலைநகரான சாந்தாபேயில் 1890ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உறைவிடப் பள்ளி இன்னுஞ் சிறந்த சான்று. அதுவும் கார்லைல் வழியில் எழுந்ததே. படையொழுங்கும் ஆங்கில ஆட்சியும் ஆங்கும் இருந்தன. அதே பள்ளியில் 1932இல் ஓவியக்கூடம் ஒன்று திறக்கப்பெற்றது. தம் ஊர் ஆடலையும் விழாவையும் வாழ்வையும் வரையுமாறு மாணவர் ஊக்கப்பட்டனர். வாய்க்குத் தடையிருந்த இடத்தில் கை பேசியது. 1975இல் தொல்குடியினர் தன்னாட்சிச் சட்டம் வந்தபின், புவெப்ளோ இனத்தின் 19 ஊர்களும் ஒன்றுகூடித் தம் பிள்ளைகளின் பள்ளியைத் தாமே நடத்த முன்வந்தன. 1981இல் சாந்தாபே வளாகத்தில் அப்பள்ளி அவர்களின் ஆட்சியில் நடைபெறலாயிற்று. 7ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் ஆங்குத் தங்கிக் கற்கின்றனர்; தொல்குடி மொழிகளும் ஆங்குப் பாடமாயுள்ளன. ஒரே மண், ஒரே பள்ளி, ஒரே பெயர். முன்பு மொழியை மறக்கச் செய்தது. இன்று மறந்த மொழியை நினைவூட்டுகிறது. மாறியது ஆட்சிக் கை ஒன்றே.

1990 அக்தோபரில், தொல்குடி மொழிகளைக் காப்பதும் வளர்ப்பதும் நாட்டின் கொள்கை என்று அமெரிக்கச் சட்டமே கூறிற்று. நூறாண்டு தடுத்தபின் அந்த அரசே உணர்ந்த உண்மை அது.

தமிழ்நாட்டு நிலை

தமிழ்மண்ணிலும் இப்பாடம் புதிதன்று. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. 14 ஆசிரியரும் 340 மாணவரும் கொண்ட கல்லூரியொன்றை அது விரித்துரைக்கின்றது. இளமாணவர் 270 பேர்; முதுமாணவர் 70 பேர். இளமாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். இதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. கற்பிக்கப்பெற்றவை ஆரிய மறைகளும் வடமொழி இலக்கணமும் மெய்ப்பொருளியலுமே. பாடப்பட்டியலில் தமிழ் இல்லை. அப்பட்டியலைப் பொறித்துவைத்த கல்வெட்டோ தமிழில் உள்ளது! நிலம் தமிழருடையது, நெல் தமிழ் உழவன் விளைத்தது, பதிவு தமிழிற் பொறித்தது, பாடம் மட்டும் வேற்றுமொழியினது. மன்னன் தமிழனாயிருந்தாற் போதாது. பள்ளியின் மொழியைத் தேரும் உள்ளமும் தமிழுள்ளமாயிருத்தல் வேண்டும் என்பதை அக்கல் இன்றும் உரைக்கின்றது.

கார்லைலில் வேற்றினத்தான் தடுத்தான். தொல்குடிப் பிள்ளை அழுதது. இங்கோ தடுக்க வேற்றினத்தான் வேண்டியதில்லை. வளாகத்திற்குள் தமிழ் பேசினால் தண்டத்தொகை வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் தமிழ்நாட்டிலேயே இருந்து வருகின்றன. தண்டம் விதிப்பவர் தமிழர், கட்டுபவர் தமிழர், பெருமைப்படுபவரும் தமிழரே. தமிழ் பேசிய தோழனைத் தோழனே காட்டிக்கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நட்பைக் கற்க வேண்டிய பருவத்தில் காட்டிக்கொடுத்தலைக் கற்பிப்பது எவ்வகைக் கல்வி? அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்ட செயலுக்குத் தமிழ்ப் பெற்றோர் கட்டணஞ் செலுத்துகின்றனர் என்றால், அம்மானக்கேட்டை எச்சொல்லால் உரைப்பது?

ஆங்கிலம் வேண்டா என்பதன்று இதன் பொருள். சுடாண்டிங் பேரும் சிட்காலா-சாவும் ஆங்கிலத்திலேயே எழுதித் தம் இனத்தின் நோவை உலகறியச் செய்தனர். மொழிகளைக் கற்பது ஆற்றல். தாய்மொழியை இழந்து கற்பது அடிமைத்தனம். கூடுதல் வேறு, மாற்றீடு வேறு. இரண்டு கண்ணும் வேண்டுவோன் ஒரு கண்ணைப் பறித்து மறுகண்ணை வைக்கமாட்டான்.

செய்யத்தக்கவை

பெற்றோரே! பிள்ளையை உறைவிடப் பள்ளியிற் சேர்க்குமுன் கட்டடத்தை மட்டும் பாராதீர்கள். தேர்ச்சி எண்ணிக்கையை மட்டும் கேளாதீர்கள். விடுதிக் காப்பாளர் இரவில் எம்மொழியில் பேசுவார் எனக் கேளுங்கள். நோயுற்ற பிள்ளை தன் நோவை எம்மொழியிற் சொல்லலாம் எனக் கேளுங்கள். நூலகத்தில் தமிழ் நூல்கள் எத்தனை அடுக்கு எனச் சென்று பாருங்கள். தமிழ் பேசினால் தண்டமுண்டா எனக் கேளுங்கள். உண்டெனில் அக்கணமே திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் தனித்து நில்லாமல், பத்துப் பெற்றோராய்க் கூடிச் சென்று தண்டத்தை நீக்குமாறு கேளுங்கள். பத்துப்பேர் கேட்டால் பள்ளி எண்ணிப் பார்க்கும். நூறுபேர் கேட்டால் பள்ளி மாறும்.

பிள்ளைக்குக் கிழமைதோறும் தமிழில் மடல் எழுதுங்கள். தொலைபேசியிற் பேசும் பேச்சு அன்றே மறையும். மடல் தலையணைக்கடியில் இருக்கும். வீட்டிற்கு வரும் விடுமுறை நாள்களில் ஆங்கிலம் பேசிக்காட்டச் சொல்லி உறவினர்முன் நிறுத்தாதீர்கள். பாட்டியின் கதையைக் கேட்கவிடுங்கள். ஊர்ப் பெயர், பயிர்ப் பெயர், மீன் பெயர், முறைப் பெயர் அத்தனையையும் கற்கவிடுங்கள். விடுமுறையில் பிள்ளையை வீட்டிற்கு அனுப்ப அஞ்சியவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

விடுதி மாணவச் செல்வங்களே! தங்கிக் கற்கும் வாழ்க்கை அரிய பேறு. வெவ்வேறு ஊர்த் தோழர் ஒருகூரையில் வாழும்போது குமரித் தமிழும் கொங்குத் தமிழும் மதுரைத் தமிழும் வடார்க்காட்டுத் தமிழும் ஒன்றையொன்று கேட்கின்றன. அவ் வட்டாரச் சொற்களை ஒரு சுவடியில் தொகுத்து எழுதுங்கள். அகரமுதலிகளில் ஏறாத சொற்கள் எத்தனையோ அதிற் கிடைக்கும். விடுதியில் வழங்கும் வேற்றுச்சொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைக் கண்டு, உண்கூடத்திலும் ஆடுகளத்திலும் கூச்சமின்றி வழங்குங்கள். முதல் கிழமையில் நகைப்பர். அடுத்த திங்களில் நகைத்தவரே வழங்குவர். அணியம் செய்த 29 இளைஞர் ஓரறைக்குள் அமர்ந்து ஒரு போரின் சொற்களை ஆக்கினர்; ஒரு விடுதியின் சொற்களை ஆக்க ஓரறைத் தோழர் போதாரா?

ஆசிரியப் பெருமக்களே! விடுதி மாணவனுக்கு நீங்கள் ஆசிரியர் மட்டுமல்லீர். மாலைக்குப்பின் அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தமிழ்க்குரல் உங்களுடையதாக இருக்கக்கூடும். பாடவேளை முடிந்ததும் அக்குரலை அடைத்துவிடாதீர்கள்.

பள்ளி என்னுஞ் சொல் உறங்குமிடத்தையும் குறிக்கும், கற்குமிடத்தையும் குறிக்கும். தமிழ் உறங்கும் இடமாகத் தமிழர் பள்ளிகள் ஆகலாகாது. தமிழ்ப்பிள்ளைகள் தங்கும் ஒவ்வொரு கூரையின்கீழும் தமிழ் விழித்திருக்கட்டும்! விளக்கணைத்த பின்னும் அடுத்த கட்டில் தோழனோடு பேசும் மெல்லிய பேச்சு தமிழாகவே இருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்க் கல்வி!